ஊர்க் கலைஞரும் சுவரில்லாக் காட்சிச்சாலையும்

சென்னைப் பட்டணத்து மக்கள் முன்னாளில் எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குகளை உயிருடன் வைத்திருந்த தோட்டத்தை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் வழங்கினர். 1851-ஆம் ஆண்டில் தோன்றிய அக் காட்சிச்சாலைக்கு முதல் தலைவராய் அமைந்தவர் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர். அவர் தொடங்கிய விலங்குத் தோட்டமும் முதலில் அவ் வளாகத்துள்ளேயே இருந்தது. கல்லூரி வாயிலை மிதித்தறியாத எளிய மக்கள் இட்ட இப் பெயர்களைக் கேட்டு நகைப்பார் பலர். சிறிது சிந்திப்பார்க்கோ அவற்றுள் ஓர் உண்மை புலனாகும். காட்சிச்சாலை என்பதும் ஒரு கல்லூரியே என அம் மக்கள் கண்டனர். அங்குள்ள பொருள்கள் தம்மை ஆக்கியவரினின்றும் ஆண்டவரினின்றும் பிரிந்து உயிர் நீங்கியவை என்பதனையும் உடன் கண்டனர்.

ஒரு பொருள் காட்சிச்சாலையுட் புகுங்கால் எதனை இழக்கின்றது? இழந்ததனை அதற்கு மீட்டுத் தருதல் கூடுமோ? இவ் வினாக்கள் எமக்கு ஆண்டிபட்டியில் எழுந்தன. ஆண்டு யாம் கண்டதனையும், செய்த பிழையினையும், அப் பிழையினின்று கற்ற பாடத்தினையும் மாணவ நண்பர்க்கும் பழைய மாணவர்க்கும் கூறுதலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

1. மெய்ந்நிகர்க் காட்சிச்சாலை யாது?

மண்ணும் கல்லும் கொண்டு கட்டாமல், ஒளிப்படம், ஒலிப்பதிவு, எழுத்துக் குறிப்பு ஆகியவற்றை இணையத்தில் ஒழுங்குபெற அடுக்கி, எவரும் எவ்விடத்திருந்தும் காணுமாறு அமைப்பதே மெய்ந்நிகர்க் காட்சிச்சாலை. பெயர் புதிது, எண்ணம் அத்துணைப் புதிதன்று. பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே மால்ரோ என்பார் 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், அச்சிட்ட ஒளிப்படங்களின் வாயிலாக உலகக் கலைச்செல்வம் முழுவதும் ஒருவர் கைக்குள் அடங்கும் ‘கற்பனைக் காட்சிச்சாலை’ ஒன்றனைப் பற்றி எழுதினார். அவர் நூலேட்டிற் கண்டதனை நாம் இன்று கணினித் திரையிற் காண்கின்றோம். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் கூகிள் நிறுவனம் 17 காட்சிச்சாலைகளை ஒருங்கு சேர்த்துத் தன் கலைத்திட்டத்தைத் தொடங்கியது. நம் நாட்டிலும், சி-டாக் என்னும் அரசு நிறுவனம் ஆக்கிய ‘ஜதன்’ எனும் மென்பொருளின் துணையால், தேசியக் காட்சிச்சாலைகளின் பொருள்கள் பதிவு செய்யப்பெற்று இணையத்தில் வைக்கப்பட்டுள்ளன.

பெருநிறுவனமும் பேரரசும் இல்லாவிடத்து இப் பணி நடவாது என எண்ண வேண்டா. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ நம் ஊர்ப் பெயரையே தாங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலார் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தூண்ட, பல நாட்டுத் தமிழர் தத்தம் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இணையத்தில் இலவசமாக வழங்கினர். ஈழத் தமிழர் 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகமும் அத்தகைய தொண்டர் முயற்சியே. நூலுக்குச் செய்தது கலைப்பொருளுக்கும் செய்யத்தக்கதே.

இதனாற் பயன் என்னை என வினவுவார்க்கு இரண்டு தீ விபத்துகளை நினைவூட்டுவோம். 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதுதில்லியிலிருந்த தேசிய இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலை தீக்கிரையாயிற்று. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாளிரவு பிரேசில் நாட்டு ரியோ நகரத்துத் தேசியக் காட்சிச்சாலை எரிந்து, ஏறத்தாழ 2 கோடிப் பொருள்களிற் பெரும்பகுதி சாம்பலாயிற்று. மறுநாளே அந்நகரத்து மாணவர் சிலர், ‘அங்குச் சென்று படம் எடுத்தவரெல்லாம் அப் படங்களை எமக்கு அனுப்புமின்’ என உலகத்தாரை வேண்டினர். பொழுதுபோக்காக எடுத்த படங்களே இழந்த பொருள்களின் நினைவாய் எஞ்சின. பெருங்கட்டிடத்துள் வைத்த பொருளுக்கே இக் கதியெனின், கூரை வேய்ந்த தறிக்கூடத்திலும் மழை நனைக்கும் ஊர்ச்சுவரிலும் இருப்பவற்றின் கதி சொல்ல வேண்டுவதின்று.

2. ஆண்டிபட்டியில் யாம் கண்டவை

மதுரையினின்றும் மேற்கே உசிலம்பட்டியைக் கடந்து, கணவாயின் வழியே இறங்குவோர் முதலிற் காணும் பேரூர் ஆண்டிபட்டி. தெற்கே வருசநாட்டு மலை. அம் மலையிற் பிறக்கும் வைகையை 1959-ஆம் ஆண்டு முதல் ஊரின் அருகே அணையொன்று தேக்கி நிற்கின்றது. அவ்வணையின் நீர்ப்பரப்பில் ஊர்கள் மூழ்கிய கதையைக் கவிஞர் வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்னும் புதினமாக்கினார். அது 2003-ஆம் ஆண்டில் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. மூழ்கிய ஊரின் துயரை ஒரு நூல் காத்தது. அவ்வூர்களின் திண்ணையும் தூணும் குதிரும் கலயமும் எவ்வாறிருந்தன என நம் பிள்ளைகள் கேட்பின், யாது காட்டுவோம்?

சென்ற கோடை விடுமுறையில், 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் ஓடத்தொடங்கிய மதுரை–தேனி இருப்புப்பாதையின் வழியே, மாணவர் பதின்மரும் ஆசிரியர் இருவருமாக யாம் ஆண்டிபட்டி சென்றோம். வட்டாரத்துக் கலைஞர்க்கு இணையத்தில் ஒரு காட்சிச்சாலை எடுத்து, கலாசாலை ஆண்டு விழாவில் திறந்து வைப்பதே எம் கருத்து. ஊரை ஒட்டிய சக்கம்பட்டியிலும், டி. சுப்புலாபுரத்திலும் பருத்திச் சேலை நெய்வோரைக் கண்டோம். குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையைக் காலால் இயக்கி, நாடாவைக் கையால் எறிந்து, பாவினூடே ஊடை ஓடுந்தோறும் அச்சினை இழுத்து அடிக்கும் தொழிலை மாணவர் பலர் அன்றுதான் முதன்முறை கண்டனர்.

கடைவீதியில் விளம்பரப் பலகை எழுதும் முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். பிளெக்ஸ் பதாகை வந்த பின்னர்த் தூரிகைத் தொழில் தேய்ந்தது நாடறிந்த செய்தி. நாற்பதாண்டு எழுதிய அவர்பால் தம் எழுத்தின் படம் ஒன்றேனும் இல்லை. தேநீர்க் கடையொன்றின் பழம் பலகை மட்டும் எஞ்சியிருந்தது. விடியலில் வாயில்தோறும் கோலமிடும் மகளிரைப் படம் பிடித்தோம். ஊர்ப்புறத்து அய்யனார் கோயிலில், வேளார் செய்து வைத்த ஆளுயர மண்குதிரைகளையும் பல பக்கமும் சுற்றி எடுத்தோம். நான்கு நாளில் 300-க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. எம் பணி நிறைவேறியது எனக் களித்து ஊர் திரும்பினோம்.

3. எம் பிழை

ஆண்டு விழாவன்று பெருந்திரையில் அப் படங்கள் ஓடின. அனைவரும் பாராட்டினர். அவ் வட்டாரத்திற் பிறந்து இக் கலாசாலையிற் பயின்ற பழைய மாணவர் ஒருவர் மட்டும் மண்குதிரைப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பின்னர், “இக் குதிரையைச் செய்தவர் யார்?” என வினவினார். எம்முள் ஒருவர்க்கும் விடை தெரியவில்லை. படத்தின் கீழே, ‘மண்குதிரை, ஆண்டிபட்டி வட்டாரம்’ என்று மட்டும் எழுதியிருந்தோம். அவர் மீண்டும் திரையை உற்று நோக்கி, “படம் எடுத்தவர் பெயர் மட்டும் மூலையில் இருக்கின்றதே!” என்றார். குரலில் கடுமை இல்லை. ஆயினும் அச் சொல் எம்மைத் தைத்தது.

உள்ளூர்க் கலைஞரை உலகுக்குக் காட்டப் புறப்பட்ட யாம், கலைஞரை விடுத்துக் கலைப்பொருளைக் கொணர்ந்தோம். செய்தவர் பெயரை மறந்து எம் பெயரை எழுதிக்கொண்டோம். அன்றிரவே அத் தளத்தை மூடிவிட்டோம். ஒரு திங்கள் கழித்து, ஒளிப்படக் கருவியைக் கலாசாலையிலேயே வைத்துவிட்டு, குறிப்பேடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் ஆண்டிபட்டி சென்றோம்.

குதிரை செய்த வேளார் இல்லத்தைத் தேடிக் கண்டோம். எம் வேண்டுகோளைக் கேட்ட முதியவர் வியந்தார். “அது அய்யனாருக்குச் செஞ்சு வச்சதுங்க ஐயா. எம்பேரு எதுக்கு?” என்றார். உள்ளிருந்து வந்த அவர் மனைவியார், “உங்க பேரு வேணாம்னா போகட்டும். மண்ணு மிதிச்சது யாரு, சுண்ணாம்பும் வண்ணமும் பூசுனது யாரு? அதையாச்சும் சொல்லுங்க” என்றார். முதியவர் நகைத்து, தம் மனைவியார் பெயரையும் மருமகள் பெயரையும் முதலிற் கூறி, இறுதியில் தம் பெயரையும் கூறினார். ஒரு குதிரைக்கு மூவர் கை உண்டு என யாம் அன்று அறிந்தோம். படம் இதனைச் சொல்லவில்லை, சொல்லவும் வல்லதன்று.

4. பெயரின் பெருமை

பெயரை எழுதுதல் அத்துணைப் பெரிய செயலோ என ஐயுறுவார் ஆண்டிபட்டி வட்டத்திலேயே உள்ள புலிமான்கோம்பையை நினைவுகொள்க. வைகைக் கரையிலுள்ள அச் சிற்றூரில், 2006-ஆம் ஆண்டில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவை கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்பது ஆய்வாளர் துணிபு. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில், அஃதாவது ஆநிரை கவரும் பூசலில், உயிர் நீத்த அந்தவன் என்பானுக்கு எடுத்தது எனப் பொருள் கொள்வர். கூடலூர் என்னும் பெயருடைய ஊர் கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இன்றும் உளது.

ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர், ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த ஊரார் தம்முள் ஒருவன் மாண்டபோது, அவன் பெயரையும், மாண்ட காரணத்தையும், நிகழ்ந்த இடத்தையும் மறவாது கல்லிற் பொறித்தனர். சில சொற்களே; ஆயினும் ஒரு பதிவேட்டுக்கு வேண்டுவன பெரும்பாலும் அவற்றுள் உள. கைப்பேசியும் கணினியும் உடைய யாம் அதனைச் செய்யத் தவறினோம். நிற்க, அக் கல்லும் ஒன்றனைச் சொல்லாமல் விடுத்தது. அந்தவன் பெயர் நமக்குத் தெரியும். அவ் வெழுத்தைச் செதுக்கியவன் பெயர் தெரியாது. வீரனுக்குக் கல் எடுத்தவர் கல் தச்சனுக்கு இடம் ஒதுக்கவில்லை. அன்று விடுபட்ட அவ் வரியை எழுதுதலே இன்று நாம் எடுக்கும் காட்சிச்சாலையின் தலையாய கடன் என்பது எம் துணிபு.

பெயர் எழுதப்பெற்றதனால் விளைந்த நன்மைக்கும் சான்று உண்டு. 1898-இல் தோன்றி 1976-இல் மறைந்த ஓவியர் சி. கொண்டையராஜு, சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, பின்னர்க் கோவில்பட்டியில் நிலைத்தவர். அவரும் அவர்தம் மாணாக்கரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாய் அச்சேறி, தமிழ்நாட்டு வீடுதோறும் பூசையறையை அடைந்தன. வாங்கியவர் பலர் ஓவியர் யாரென எண்ணியதில்லை. எனினும் படத்தின் அடியில் ஓவியர் கையொப்பம் இருந்தமையின், பின்வந்த ஆராய்ச்சியாளர் அவரையும் அவர் மரபினரையும் இனங்காணல் எளிதாயிற்று. கானடா நாட்டு மானிடவியலார் ஸ்டீபன் இங்கிலிஸ், மதுரை வட்டாரத்து வேளாரைப் பற்றியும் கொண்டையராஜுவைப் பற்றியும் ஆராய்ந்து எழுதியுள்ளார். நாட்காட்டி ஓவியர்க்குக் கையொப்பம் உண்டு, மண்குதிரைக்கு அஃதில்லை. ஆதலின் குதிரைக்கு உரியாரைத் தேடுவோர் அவ்வூரார் நினைவை மட்டுமே நம்ப வேண்டியுளது. நினைவோ முதியவரோடு மறைவது.

சட்டமும் இதனை ஒப்புகின்றது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கலைப்படைப்பின் உரிமையை ஆக்கியோன் வாழ்நாள் முழுமைக்கும், அவன் மறைவின் பின் 60 ஆண்டுகட்கும் காக்கின்றது. அன்றியும், உரிமையைப் பிறர்க்கு விற்ற பின்னரும், ‘இஃது என் படைப்பு’ எனக் கூறிக்கொள்ளும் தனியுரிமை ஆக்கியோனுக்கு உண்டு என அதன் 57-ஆம் பிரிவு கூறும். எளிய ஊர்க் கலைஞர்க்கும் இச் சட்டம் பொதுவானதே. பெயரின்றிப் படம் வெளியிடுதல் கண்ணியக் குறைவு மட்டுமன்று என்பதனை மாணவர் உணர்க.

5. செய்முறை

இரண்டாம் முறை யாம் கைக்கொண்ட முறையினை, இது போன்ற முயற்சியில் ஈடுபடுவார்க்குப் பயன்படுமாறு, ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, இசைவு பெறுதல். படம் எடுக்குமுன், எதற்காக எடுக்கின்றோம், யார் காண்பர், எவ்வளவு காலம் இருக்கும் என்பவற்றைக் கலைஞர்க்கு அவர்தம் பேச்சிலேயே விளக்குதல் வேண்டும். இணையத்தில் வைத்த படத்தை ஊரார் மட்டுமன்றி எவரும் காண்பர் என்பதனை மறையாது கூறுக. இசைவை எழுத்திலோ குரற்பதிவிலோ பெறுக. இசைந்தவர் பின்னொரு நாள் மனம் மாறி நீக்கச் சொல்லின், நீக்குதற்கும் வழி வைக்க.

இரண்டாவது, குறிப்பெழுதுதல். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஒகையோவிலுள்ள டப்ளின் என்னும் ஊரில் அறிஞர் கூடித் தொடங்கிய குறிப்புமுறை ‘டப்ளின் கோர்’ எனப்படும். அதில் 15 கூறுகள் உள. தலைப்பு, ஆக்கியோர், துணைபுரிந்தோர், பொருள், நாள், இடம், மொழி, உரிமை முதலியன அவற்றுட் சில. உலகத்து நூலகங்கள் பலவும் பின்பற்றும் அம் முறையில் ‘ஆக்கியோர்’ ஒரு கூறு, ‘துணைபுரிந்தோர்’ மற்றொரு கூறு என்பதனை நோக்குக. மண் மிதித்த கைக்கும் வண்ணம் பூசிய கைக்கும் அம் முறையில் இடம் உண்டு. யாம் அவற்றோடு, பொருளின் அளவு, செய்பொருள், செய்ய எடுத்த நாள்கள், கற்பித்தவர் யார், கற்றுக்கொள்பவர் எவரேனும் உளரோ என்பவற்றையும் சேர்த்துக்கொண்டோம். இறுதி வினாவுக்கு ‘இல்லை’ என்னும் விடையே மிகுதியாய்க் கிடைத்தது.

மூன்றாவது, படமெடுத்தல். கடுவெயிலைத் தவிர்த்துக் காலை நிழலில் எடுக்க. பொருளின் அருகே அளவுகோல் ஒன்றனை வைத்து ஒரு படமும், வையாது ஒரு படமும் எடுக்க. நிறம் பிறழாமைக்கு வெண்தாளோ நிற அட்டையோ முதற்படத்தில் இருத்தல் நன்று. சேலையெனின் உடல், கரை, முந்தி மூன்றையும் தனித்தனியே, முன்புறமும் பின்புறமும் எடுக்க. நெய்தவர் திறனைப் பின்புறமே பெரிதும் காட்டும். கோலமெனின் முடிந்த வடிவம் மட்டும் போதாது. புள்ளி வைப்பது முதல் இழை மூடுவது வரை அசைபடமாகவே எடுக்க. வெயிலேறுமுன் மிதிபட்டு அழிவது அதன் இயல்பு. அதனை நிலைநிறுத்துவதாகக் கூறாது, அவ்வம்மையார் அன்று வரைந்தது இதுவென நாளொடு குறித்தலே நேர்மை.

நான்காவது, குரலைக் காத்தல். தறியின் ஓசையும், நெசவாளர் தம் வாயால் கூறும் தொழிற்சொற்களும் பொருளைப் போன்றே அரியன. ‘பாவு’, ‘ஊடை’, ‘விழுது’, ‘அச்சு’ என்பவற்றை நாம் அகராதியிற் காணலாம். அவை எவ்விடத்து எவ்வாறு ஆளப்படுகின்றன என்பதனை அகராதி கூறாது. ஊர்ச்சொல்லைத் திருத்தி எழுதாமல், கேட்டவாறே எழுதுக.

ஐந்தாவது, பாதுகாப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவெண் இட்டு, அவ் வெண்ணையே படத்தின் பெயராகவும் வைக்க. முதற்படியைத் திருத்தாது காத்து, திருத்திய படியைத் தளத்தில் வைக்க. படிகள் மூன்று இருத்தல் வேண்டும்; அவை இருவகைக் கருவிகளில் இருத்தலும், ஒன்று வேற்றூரில் இருத்தலும் நன்று. மாணவர் மாறுவர், கடவுச்சொல்லை அறிந்த ஒருவர் கல்லூரியை விட்டு நீங்கியதும் தளம் மறைந்துபோதல் பலவிடத்தும் காண்பதாகலின், பொறுப்பை நூலகத்தின்பால் ஒப்புவித்தல் தக்கது.

ஆறாவது, ஊருக்குக் காட்டல். உலகம் காணுமுன், கலைஞரும் அவர் தெருவாரும் காணல் வேண்டும். யாம் எழுதிய குறிப்புகளை அவர்கட்குப் படித்துக் காட்டினோம். பெயரெழுத்துப் பிழை, உறவுமுறைப் பிழை, ஊர்ப்பெயர்ப் பிழை என ஒவ்வொரு பதிவிலும் ஒன்றிரண்டு திருத்தம் கிடைத்தன.

6. ஓர் எச்சரிக்கை

காட்சிச்சாலை கலைஞர்க்கு நன்மையே செய்யும் என நம்பியிருந்த எம்மைச் சக்கம்பட்டி நெசவாளர் ஒருவர் திகைக்க வைத்தார். “நான் யோசிச்சுப் போட்ட கரையை நீங்க படம் புடிச்சுப் போட்டா, மறுவாரமே விசைத்தறியில வந்துருமே தம்பி?” என்றார் அவர், எம் மாணவரை நோக்கி. அவ்வையம் வெற்றச்சம் அன்று. கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கும் சட்டம் 1985-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது; எனினும் சட்டத்தை மீறி நெய்தலும் நிகழ்வதுண்டு. அதனினும் நுட்பமானது வேறொன்றுளது. 2000-ஆம் ஆண்டு வடிவுகள் சட்டத்தின்படி, புதிய வடிவொன்று பதிவுக்கு விண்ணப்பிக்குமுன்னரே பொதுவில் வெளியிடப்பட்டிருப்பின், அது புதுமை இழந்ததாகக் கருதப்பட்டுப் பதிவு மறுக்கப்படும். அஃதாவது, நெசவாளரைச் சிறப்பிக்கும் எண்ணத்தோடு நாம் ஒரு புதிய கரையின் படத்தை இணையத்தில் ஏற்றினால், அச் செயலாலேயே அவருடைய உரிமை கெடவும் கூடும்.

ஆதலின் யாம் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். வழிவழி வரும் கரைகளையும் பழைய சேலைகளையும் முழுமையாகக் காட்டுவோம். நெசவாளர் தாமே புதிதாய் அமைத்தவற்றை அவர் விரும்பும் நாள்வரை பதிவேட்டிற் காத்து, தளத்தில் வெளியிடாதிருப்போம். காட்டுதல் மட்டுமன்று, காட்டாமற் காத்தலும் காட்சிச்சாலையின் கடனே. அவ்வாறே, வழிபாட்டிலுள்ள உருவங்களைப் படமெடுத்தற்கு ஊராரும் பூசாரியும் இசையாவிடின், அவற்றை விடுத்து விலகுதலே முறை.

பெயர் வேண்டா என்பாரையும் வற்புறுத்தல் ஆகாது. வேளார் பெருமகனார் முதலில் மறுத்தது அடக்கத்தால் மட்டுமன்று. குதிரை அய்யனாருக்கு உரியதாகிவிட்ட பின்னர்த் தமக்கு அதன்மேல் என்ன உரிமை என்னும் நம்பிக்கையாலும் ஆம். பெயரைக் கேட்டறிதல் நம் கடன். தருதலும் மறுத்தலும் அவருரிமை. மறுத்தவர் பதிவில், ‘பெயர் குறிக்க விரும்பாதார்’ என எழுதுவோம். ‘பெயர் தெரியாதார்’ என எழுதோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. முன்னது கலைஞரின் விருப்பம். பின்னது நம் சோம்பல்.

7. முடிவுரை

முதன்முறை சேர்ந்த 300-க்கு மேற்பட்ட படங்களில், இதுகாறும் பெயரும் இசைவும் குறிப்பும் நிறைவுற்றவை 41 மட்டுமே. எஞ்சியவை பூட்டிய பெட்டியில் உரியாரை நோக்கிக் காத்திருக்கின்றன. எம் காட்சிச்சாலை சிறுத்துவிட்டது. ஆயினும் முன்னையதினும் இதுவே எமக்கு நிறைவு தருகின்றது. மண்குதிரையின் பதிவில் இப்பொழுது மூன்று பெயர்கள் உள. தேநீர்க் கடைப் பலகையின் பதிவில், அதனை எழுதிய முதியவர் தம் ஆசானைப் பற்றிக் கூறிய சொற்கள் அவர் குரலிலேயே உள. படம் எடுத்த மாணவர் பெயரும் உண்டு. கடைசி வரியில், சிறிய எழுத்தில்.

செத்த காலேஜ் என்றும் உயிர்க் காலேஜ் என்றும் சென்னை மக்கள் பிரித்தது எவ்வளவு பொருத்தம் என யாம் இப்பொழுது எண்ணுகின்றோம். ஆக்கியோர் பெயரும் குரலும் இழந்த பொருள், பளிங்கு மாளிகையில் இருப்பினும் ஒளித்திரையில் இருப்பினும், செத்த பொருளே. அவை உடனிருப்பின், நான்கங்குலக் கைப்பேசியிற் காணும் மண்குதிரைக்கும் உயிர் உண்டு.

மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் ஆண்டிபட்டி போன்ற ஊர்களினின்றும் வந்துள்ளீர். வரும் விடுமுறையில் வீடு செல்லுங்கால், பெருந்திட்டம் யாதும் வகுக்க வேண்டா. உம் தெருவில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்க; முறமாயினும், கூடையாயினும், கோயிற் சுவரின் ஓவியமாயினும் ஆகுக. கைப்பேசியை எடுக்குமுன் குறிப்பேட்டைத் திறந்து, ‘இதனைச் செய்தவர் யார்?’ என்னும் வினாவை முதல் வரியில் எழுதுக. விடை தெரிந்த முதியவர் அத் தெருவில் இன்று இருப்பார். அடுத்த விடுமுறையிலும் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.